மூன்றாம் ஓலை

5 ஜனவரி 1967, வியாழன்

உரக்கடையில் மகனுக்கு ஒரு டைரி கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் நெற்கதிர் படம். "உங்க பேச்சைக் கேக்கத்தான் ஊர்ல ஆள் பத்தலையே, மிச்சத்தை இதுல எழுதுங்கப்பா" என்று கொண்டுவந்து போட்டான். ஐந்தாவது வரை படித்தவனின் கோழிக்கிறுக்கல். ஒருத்தரும் படிக்கமாட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

இருபது வருசம் காரைக்குடி–தேவகோட்டை பஸ்ஸில் விசில் ஊதினவன் நான். காலையில் நாலு பேரைச் சீண்டாவிட்டால் டீ தொண்டையில் இறங்காது. இன்றைக்குக் கோட்டைச்சாமி கடையில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "வென்னீர் நல்லாருக்குப்பா, இதுல கொஞ்சம் டீத்தூளைப் போட்டா இன்னும் எடுப்பா இருக்கும்" என்றேன். "பெரிசு, உம்ம முட்டிக்கு வயசாச்சு, முதுகுக்கு வயசாச்சு, இந்த வாய்க்கு மட்டும் ஆகமாட்டேங்குதே" என்றான். கடையே சிரித்தது.

பேத்தி லூர்துக்குக் கல்யாணம் கூடிவிட்டது. மாப்பிள்ளை சிவகங்கையில் வாத்தியார். இந்த வருசம் சாம்பல் புதன் பிப்ரவரி எட்டிலேயே வந்துவிடுகிறது. தவக்காலத்தில் கோவிலில் தாலி கட்டமுடியாது. அதனால் வருகிற ஞாயிறே கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பிக்கவேண்டும் என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். மூன்று ஞாயிறு பூசையில் மூன்று ஓலை, முப்பதாம் தேதி கல்யாணம்.

ஓலை என்று மகன் சொன்னதும் வயிற்றுக்குள் என்னவோ புரண்டது. கோட்டைச்சாமியின் டீதான் என்று நினைத்துக்கொண்டேன்.

8 ஜனவரி, ஞாயிறு

டீ இல்லை.

பிரசங்கம் முடிந்து சாமியார் காகிதத்தை எடுத்தார். இன்னார் மகனுக்கும், சந்தியாகு பேத்தி லூர்துமேரிக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இவர்களுக்குள் யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவார்கள் என்று வாசித்தார். விக்கினம் என்றால் தடை. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ வேறு யாரோடாவது பேச்சு இருந்தால், உறவுமுறை தப்பாக இருந்தால், தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவேண்டும்.

வாசித்துவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா நின்றார். எல்லாச் சாமியார்களும் அப்படித்தான் நிற்பார்கள்.

அந்த ஒரு மூச்சுக்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "பேத்தி பாசம்" என்று முதுகைத் தட்டினார்.

9 ஜனவரி

எழுதலாமா. யாருக்கு எழுதுகிறேன்.

11 ஜனவரி, புதன்

சரி. எழுதிவிடுகிறேன்.

1926, வைகாசி மாதம். எனக்கு இருபத்து நாலு. இதே கோவில். அப்போது பெஞ்சு கிடையாது, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் தரையில் பாய். சாமியார் வெள்ளைக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், சிரிக்கமாட்டார். மதலைமுத்துவுக்கும் ராயப்பன் மகள் அருளாயிக்கும் மூன்றாம் ஓலை. மதலைமுத்து என் கூட்டாளி.

அன்றைக்கு நான் வெற்றிலை போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போயிருந்தேன். வாயெல்லாம் சிவப்பு. பின்வரிசைப் பயல்கள், "யாருடா மடிச்சுக் கொடுத்தது" என்று கிசுகிசுவென்று கேட்டார்கள். சாமியார் வாசித்து முடித்து அந்த ஒரு மூச்சு நின்றார். நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன்? நாலு பேர் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான். நான் எழுந்தாலே சிரிக்க ரெடியாக நாலு பேர் இருந்தார்கள்.

"சாமி, விக்கினம் இருக்கு. அருளாயி மடிச்சுக் கொடுத்த வெத்தலை இன்னும் என் வாயில செவந்துகிட்டு இருக்கு" என்றேன்.

பின்வரிசை சிரித்தது. மதலைமுத்துகூட முதலில் சிரித்தான். அதை நான் பார்த்தேன். அவனுடைய தாய்மாமன் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது தூண் ஓரமாக ராயப்பன் உட்கார்ந்திருந்தார். திரும்பி மகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

அருளாயி எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்ததில்லை. பேசினதுகூட இல்லை. கல்யாணமாகாத பெண் அந்நிய ஆணுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள் என்றால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் வேண்டாம் அந்தக் காலத்தில்.

கல்யாணத்தை நிறுத்தி வைத்துவிட்டு, புதன்கிழமை விசாரணை, வேதபுத்தகத்தில் கை வைத்து நீ சொல்லவேண்டும் என்றார் சாமியார். பொய் என்று சொன்னால் தலையில் முள்முடி வைத்து மூன்று ஞாயிறு கோவில் வாசலில் முட்டிபோடவேண்டும். அதுதான் அன்றைய வழக்கம். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் சொல்லிச் சிரிப்பது வேறு, என்னைப் பார்த்துச் சிரிப்பது வேறு.

செவ்வாய்க்கிழமை விடியும்போது நாகப்பட்டினம் போகிற வண்டியில் இருந்தேன். அங்கிருந்து கப்பல். பினாங்கு.

பொய்யாக இருந்தால் எதற்கு ஓடுகிறான் என்று ஊர் பேசிக்கொண்டதாம். மதலைமுத்து வீட்டார் வேறு பெண் எடுத்துவிட்டார்கள். அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. பதினோரு வருசம் கழித்து, அங்கே கட்டிய பெண்டாட்டியோடும் பையனோடும் நான் திரும்பி வந்தபோது அவள் சிஸ்டர்மார் போர்டிங்கில் சமையல் செய்துகொண்டிருந்தாள். இன்னும் செய்கிறாள். மதலைமுத்து செத்து ஆறு வருசமாகிறது. ராயப்பன் எப்போதோ போய்விட்டார்.

கை வலிக்கிறது.

15 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் மறுநாள். இரண்டாம் ஓலை. அருளாயி பெண்கள் பக்கம் முதல் வரிசையில், வெள்ளை முக்காடு. முப்பது வருசமாக அதே இடம். நான் இந்தப் பக்கம். நடுவில் எட்டடி இருக்கும்.

17 ஜனவரி

லூர்து கல்யாணப் பத்திரிகையோடு போர்டிங்குக்குப் போய் வந்தது. அங்கேதான் ஏழு வருசம் படித்தது, அருளாயி கைச்சோறு. "அருளாயியம்மா அழுதுட்டாக" என்றது. அப்புறம் என்னிடம் வந்து நின்றுகொண்டு:

"ஐயா, சாமியாருக்கெல்லாம் பெரிய மேற்றிராணியார் வந்தப்ப அவுக தொப்பியையே கிண்டல் பண்ணினீக. அருளாயியம்மாவை மட்டும் ஒரு வார்த்தை சொல்லி நான் பார்த்ததில்லையே. அம்புட்டு மரியாதையா?"

"ஆமாத்தா. மரியாதை" என்றேன்.

22 ஜனவரி, ஞாயிறு

மூன்றாம் ஓலை.

சாமியார் வாசித்து முடித்து நின்றார். அந்த ஒரு மூச்சில் அருளாயி எழுந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தேன். லூர்து தலையைக் குனிந்திருந்தது. அருளாயி ஒரு சொல் சொன்னால் போதும். உண்மையாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. சொல்ல அவளுக்கு எவ்வளவு இருக்கிறது.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். லூர்து பக்கம் பார்த்துச் சிலுவை போட்டாள். பக்கவாசல் வழியாக மெள்ள நடந்து வெளியே போனாள். ஞாயிற்றுக்கிழமை போர்டிங் பிள்ளைகளுக்கு இட்லி. நேரமாகிவிட்டது போல. அவ்வளவுதான்.

எனக்கு ஒரு மூச்சு நேரம். அவளுக்கும் அவள் அப்பனுக்கும் அன்றைக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?

1 பிப்ரவரி, புதன்

கல்யாணம் நல்லபடி முடிந்தது. லூர்து சிவகங்கை போய்விட்டது. வீடு காலி.

பந்தியில் அருளாயி கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வீட்டுப் பெரியவன் நான். ஒவ்வொரு இலைக்கும் போய், "கூச்சப்படாம சாப்பிடுங்க, சமையக்காரனுக்குக் கூலி கொடுத்தாச்சு" என்று சீண்டிக்கொண்டே வந்தேன். அவள் இலைக்கு இரண்டு இலை முன்னால் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். உப்பு பார்க்கப் போகிறேனாம்.

வீட்டுக்கு வந்தவளைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது.

8 பிப்ரவரி, சாம்பல் புதன்

நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லி நெற்றியில் சாம்பல் பூசினார். "சாமி, பாதி திரும்பிட்டேன், முட்டி வரைக்கும்" என்றேன். சாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டார். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், என் மகனைவிட இளையவர்.

வெளியே வந்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் நின்றது. நெற்றியைத் துடைக்காமலே படுத்தேன்.

11 பிப்ரவரி, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முப்பது வருசமாக நான் சொல்கிற பட்டியல் ஒன்று உண்டு. பொய், கோபம், பூசையில் தூக்கம். எந்தச் சாமியாரும் என்னோடு ரெண்டு நிமிசத்துக்கு மேல் செலவழித்ததில்லை.

இன்று கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முட்டிபோட்டு, "சாமி, பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றேன். சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

அவர் கேட்டார்: "இத்தனை வருசமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"பினாங்குல சொன்னேன் சாமி. அங்க ஒரு பிரெஞ்சு சாமியார். தமிழ் தெரியாது. தெரியாதுன்னு விசாரிச்சுக்கிட்டுத்தான் போனேன். நான் தமிழ்ல சொன்னேன், அவர் லத்தீன்ல மன்னிச்சாரு. அது செல்லுமா?"

வலைக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சினார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. அப்புறம் சொன்னார்: "ஆண்டவருக்குத் தமிழ் தெரியும். அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"அவகிட்டக் கேக்கலையே."

ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னால் எழுந்து நின்று மாற்றிச் சொல்லிவிடுகிறேன் சாமி, நாளைக்கே, என்றேன். எனக்கு வேகம் வந்துவிட்டது. அவர் வேண்டாம் என்றார். "முதல்ல அவங்களைக் கேளுங்க. நாப்பது வருசத்துக்கு முந்திக் கேக்காம எழுந்தீங்க. இந்தத் தடவையும் கேக்காம எழுந்திருக்காதீங்க."

15 பிப்ரவரி

இன்றும் போகவில்லை. ஓட்டுக் கேட்கிற கார்கள் தெருவெல்லாம் கத்திக்கொண்டு போகின்றன. சத்தத்தில் பேசமுடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

18 பிப்ரவரி

போர்டிங் வாசல் வரை போனேன். ஒரு சிஸ்டர் என்ன வேண்டும் என்றார். "சும்மா, உங்க நாய்க்கு ஞானஸ்நானம் ஆயிருச்சான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த வாய், இந்த வாய்.

23 பிப்ரவரி, வியாழன்

பேசிவிட்டேன்.

அடுப்படி வாசலில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண் அவ்வளவாகத் தெரியவில்லை போல, முறத்தை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு. நான் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க" என்றாள். அவ்வளவு மரியாதை. அறைந்திருந்தால் தேவலை.

வீட்டில் பத்துத்தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது எல்லாம் மறந்துவிட்டது. "அருளாயி, நான் அன்னைக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்து, "பொய்யி" என்று முடித்தேன். நடுவில் ஒன்றும் வரவில்லை.

அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? எனக்கு வந்தா சொல்றீக?"

முறத்தை ஒருதரம் புடைத்தாள்.

"எங்கப்பாரு எட்டு வருசம் கழிச்சுத்தான் செத்தாரு. எட்டு வருசமும் என் கையாலதான் சோறு. ஒரு தடவை கோவிச்சுப் பேசினதில்லை. சாகுற அன்னைக்கு எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு என்னையக் கூப்பிட்டாரு. 'ஆத்தா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நெசத்தைச் சொல்லிரு. கொடுத்தியா?'ன்னு கேட்டாரு. இல்லப்பான்னேன். சரித்தான்னாரு. என் மனசு நோகக்கூடாதுன்னு சொன்ன சரி அது. நம்பிச் சொன்ன சரி இல்ல. எனக்குத் தெரியாதா எங்கப்பாரை?"

ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"அவருக்குப் போயி யாரு சொல்றது? சொல்லுங்க. உங்களுக்குத்தான் பேச்சு வருமே."

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒல கொதிக்குது. போயிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

24 பிப்ரவரி

சோறு இறங்கலை. மருமக என்ன மாமா உடம்புக்கா-ன்னு கேக்குது. என்னத்தச் சொல்ல. கல்யாணம் நின்னுபோச்சு, அதான் நான் பண்ணினதுன்னு இத்தனை வருசமா நினைச்சிட்டு இருந்தேன். அதுக்கும் அடியில ஒண்ணு இருக்கு. ஒரு மனுசன் பெத்த மகளை நம்பாமச் செத்துப்போனான்டா. நீ அப்பப் பினாங்குல உக்காந்து சீனாக்காரனைக் கேலி பேசிக்கிட்டு இருந்தே.

5 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து நான் கிணற்றடிப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் குரல்.

"நில்லுங்க."

நின்றேன்.

"பத்து நாளா யோசிச்சேன். சாமியார்கிட்டயும் கேட்டேன். சொன்ன எடத்துலயே சொல்லுங்க. என்னையப் பார்த்துச் சொல்லவேணாம். ஊரைப் பார்த்தும் வேணாம். மூணாவது தூணைப் பார்த்துச் சொல்லுங்க. எங்கப்பாரு உக்காந்திருந்த எடம்."

"சரி" என்றேன்.

"சிரிக்க வச்சிராதீக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

11 மார்ச், சனி

நாளைக்கு. பிரசங்கத்துக்குப் பிறகு எழுந்து சொல்லலாம் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். ஓலை வாசிக்கிற நேரம்.

மகனிடம் சொன்னேன். "எதுக்குப்பா இப்பப் போயி? லூர்து மாமியார் காதுக்குப் போனா என்ன நினைப்பாக?" என்று கத்தினான். நியாயம்தான். எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்று நினைத்துத்தான் நான் கப்பல் ஏறினேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

கோட்டைச்சாமியிடம் நாளைக்குக் கோவிலில் பேசப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "அடடே, நம்ம சாமி கும்புடுறவுகளையும் உள்ள விடுவாகளா? சிரிக்க வரலாமா?" என்றான்.

என் பயம் அதுதான்.

12 மார்ச், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

சாமியார் பிரசங்கம் முடித்து, "சந்தியாகு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறார்" என்றார். பெஞ்சைப் பிடித்து எழுந்தேன். முட்டி கடக்கென்று சத்தம் போட்டது. அவ்வளவுதான், பின்னால் ஒருத்தன் சிரித்தான். அவன் சிரித்ததும் பத்துப்பேர். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"நாப்பத்தோரு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல ஒரு பொய் சொன்னேன்" என்றேன். "ஒண்ணுதானா!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கோவில் முழுக்கச் சிரிப்பு. பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், தாத்தா அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று. சாமியார் கையைத் தூக்கினார். நிற்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "நடிக்கிறாரு பாரு, நடிக்கிறாரு" என்று பெண்கள் பக்கம் ஒரு குரல். அதுவும் ஆசையோடு சொன்ன குரல்தான். என்மேல் ஊருக்குப் பிரியம். இத்தனை வருசம் நான் சேர்த்து வைத்த பிரியம் அது. அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு நான் ஒரு நெசத்தைச் சொல்லமுடியாமச் செத்துக்கிட்டு இருக்கேன்.

உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். இன்னொரு கப்பல். எட்டி ஏறினால் போதும்.

அப்போது அருளாயி எழுந்தாள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவழிக்கு வந்து நின்றாள். சமையல்கட்டில் இருநூறு பிள்ளைகளை அதட்டிய தொண்டை. "சிரிக்காதீக" என்றாள். "அவுக நெசம் சொல்றாக. நான் சாட்சி. சொல்லவிடுங்க."

சிரிப்பு நின்றது.

என்னை நம்பச்சொல்லி அவள் எழுந்து நிற்கிறாள். யார் நிற்கவேண்டிய இடத்தில் யார் நிற்கிறது. அன்றைக்கு இவளுக்காக எழுந்து நிற்க ஒரு ஆள் இல்லை.

மூன்றாவது தூணைப் பார்த்தேன். அந்த இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார், நகர்ந்துகொண்டார். வெறும் பெஞ்சு தெரிந்தது.

"ராயப்பண்ணே, நான் சந்தியாகு. அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. உங்க மக எனக்கு வெத்தலை கொடுக்கலை. என்கூடப் பேசினது இல்லை. நாலு பேரு சிரிக்கணும்னு சொன்னேன். முள்முடிக்குப் பயந்து ஓடிப்போனேன். நீங்க கேட்டதுக்கு உங்க மக சொன்னதுதான் நெசம். நம்புங்கண்ணே."

இவ்வளவுதான் சொன்னேன். உட்கார வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் பிடித்து உட்கார வைத்தார்.

அருளாயி தூணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தன் இடத்துக்குப் போனாள். பூசை நடந்தது.

13 மார்ச்

கோட்டைச்சாமி கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. டீயைக் கொண்டுவந்து வைத்தான். "நல்லாருக்கு" என்றேன். "பெரிசு, அப்படியெல்லாம் சொல்லாதீரும், பயமா இருக்கு" என்றான்.

மகன் என்னோடு பேசவில்லை.

16 மார்ச்

தெருவில் ஒரு கிழவி, மதலைமுத்துவுக்குச் சித்தி முறை, என் முன்னால் காறித் துப்பிவிட்டுப் போனாள். அருளாயி மாதிரி ஒரு மருமகள் எங்களுக்கு வாய்க்காமல் போனாளே என்றாள். 

எல்லாம் சொல்லியாயிற்று. என்ன கிடைத்தது அவளுக்கு? புருசனா, பிள்ளையா? என் பேத்தி மாதிரி ஒன்றா? நான் மனசைக் கழுவிக்கொண்டேன், அந்தத் தண்ணீரும் அவள் வாசலில்தான் ஊற்றினேனோ?

மன்னிச்சேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்க எந்த முகம்.

19 மார்ச், குருத்து ஞாயிறு

சிவகங்கையிலிருந்து லூர்து கடுதாசி. விசயம் தெரிந்துவிட்டது. "மரியாதை என்று சொன்னீர்களே ஐயா" என்று ஒரே ஒரு வரி. வேறு ஒன்றும் இல்லை.

23 மார்ச், பெரிய வியாழன்

வருசாவருசம் பாதம் கழுவுகிற பன்னிரண்டு கிழவர்களில் நானும் ஒருவன். சாமியார் தண்ணீர் ஊற்றும்போது கூச்சம் என்று காலை இழுத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது என் வேலை. இந்த வருசம் காலை அசைக்கவில்லை. சாமியார் குனிந்தபடி, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "என்ன பெரியவரே, கூசலையா?" என்றார்.

"கூசுது சாமி" என்றேன்.

26 மார்ச், பாஸ்கு

உயிர்த்தெழுந்தார். மணி அடிக்கிறது. மகன் சட்டைத்துணி எடுத்துக் கொடுத்தான், இரண்டு வாரத்துக்கு அப்புறம் "சாப்பிட்டீகளா" என்றான். போதும்.

2 ஏப்ரல், ஞாயிறு

இதை எழுதிவிட்டுத்தான் வாய் கழுவவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கழுவவும் மனசில்லை.

மத்தியானம் மூன்று மணி. வாசலில் அருளாயி. கையில் ஒரு இரும்பு உரல், வெற்றிலை இடிக்கிற சின்ன உரல். மருமகள் பதறிப்போய்ப் பாயை விரித்தாள். அவள் உட்கார்ந்தாள், என் எதிரில், இரண்டடியில். எட்டடி இல்லை.

முந்தானையிலிருந்து வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினாள். சுண்ணாம்பு தடவினாள். பாக்கை வைத்தாள். மடித்தாள். அவ்வளவு மெதுவாக. என்னைப் பார்த்து,

"பல்லு எத்தனை இருக்கு?" என்றாள்.

"மேல ரெண்டு. கீழ ஒண்ணு. மூணும் ஒண்ணையொண்ணு பார்த்ததில்லை" என்றேன். தானாக வந்துவிட்டது. வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முக்காட்டில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என்னால் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஊரெல்லாம் சிரிக்க வைத்தேனே.

மடித்ததை உரலில் போட்டு இடித்தாள். இடித்துக்கொண்டே பேசினாள்:

"போனது போனதுதான். அதை நீங்க திருப்பித் தரமுடியாது. நானும் கேக்கலை. ராத்திரி செபம் சொல்லும்போது, எங்களுக்குத் தீமை செய்தவங்களை நாங்க பொறுக்கிறதுபோலன்னு வர்ற எடத்துல நாப்பது வருசமா என் வாயி மட்டும் அசையும், சத்தம் வராது. அன்னைக்கு அந்தத் தூணைப் பார்த்து அண்ணேன்னு கூப்பிட்டீகளே, அன்னைக்கு வந்துச்சு. எனக்கே தூக்கிவாரிப்போட்டுச்சு. பக்கத்துல படுத்திருந்த ஆயா முழிச்சுக்கிட்டா."

இடித்ததை விரலால் வழித்து என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. அருளாயி மடிச்சுக் கொடுத்த வெத்தலை. இனிமே நீங்க சொன்னது பொய்யில்லை. நாளுதான் கொஞ்சம் முன்னப்பின்ன."

வாயில் போட்டேன். மெல்ல முடியவில்லை. பல்லில்லாததால் மட்டும் இல்லை. நான் அழுததைப் பார்த்து, "காரமா?" என்றாள். ஆமாம் என்றேன். "அது பாக்கு" என்றாள்.

"சாப்பிட்டுப் போ அருளாயி" என்றேன். கல்யாணத்தன்று கேட்கவேண்டியது. சாப்பிட்டுத்தான் போனாள். ரசத்தில் உப்புக் குறைவு என்று மருமகளிடம் சொல்லிவிட்டும் போனாள்.

3 ஏப்ரல், திங்கள்

கோட்டைச்சாமி கடை. சிரித்ததும் வாய்ச்சிவப்பைப் பார்த்துவிட்டான்.

"என்ன பெரிசு, பழைய பவுசெல்லாம் திரும்பிருச்சு? யாரு மடிச்சுக் கொடுத்தது?"

"அருளாயி" என்றேன்.

கடையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோட்டைச்சாமி டீ ஆற்றுகிற கையை நிறுத்திவிட்டான்.

"பெரிசு, அன்னைக்குத்தான கோவில்ல அழுதீரு. மறுபடி ஆரம்பிச்சிட்டீரா?"

ஒருத்தரும் நம்பவில்லை.

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வருகிற வழியில் கோவில் திறந்திருந்தது. உள்ளே போய் மூன்றாவது தூண் ஓரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.